சைலன்சருக்குள்ளே ஒரு கடிகாரம்: வால்டர் காடன்

உங்க டிபார்ட்மெண்ட்ல யாராவது ஆர்.எக்ஸ்.100 வச்சிருந்தா, வண்டி ஆறின பிறகு பக்கத்துல போய் ஒரு நிமிஷம் குனிஞ்சு பாருங்க. சிலிண்டரிலிருந்து ஒல்லியாகக் கிளம்புகிற பைப் போகப் போகப் பருத்து, பிறகு மறுபடியும் ஒடுங்கிப் பின்பக்கம் முடியும். உள்ளே இரண்டு கூம்புகள். ஒன்று விரியும், ஒன்று சுருங்கும். அது சத்தத்தைக் குறைக்கத்தான் இருக்குன்னு நினைச்சு, அறுத்துப் போட்டுட்டு நேர் குழாய் மாட்டினா பவர் ஏறும்னு நம்புறவங்க நம்ம ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. சத்தம் நிச்சயமா ஏறும். பவர் இறங்கும்.

ஏன் இறங்கும்னு புரியணும்னா, கிழக்கு ஜெர்மனியின் ஒரு சின்ன ஊரில், கையில் காசு இல்லாமல், 125 சிசி இன்ஜினிலிருந்து 25 குதிரை சக்தி எடுத்த ஒரு மனிதரைத் தெரிஞ்சுக்கணும். வால்டர் காடன். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைப் பொறுத்தவரை இவருக்கு முன், இவருக்குப் பின் என்று வரலாற்றைப் பிரிக்கலாம். நான் மிகைப்படுத்தலை. கடைசி வரை படிச்சிட்டு நீங்களே சொல்லுங்க.

1919-ல் ஜெர்மனியின் சாக்ஸனி மாநிலத்தில், போபர்ஷாவ் என்ற மலையோரக் கிராமத்தில் பிறந்தார். பக்கத்திலேயே ட்ஷோபாவ் என்ற ஊர். அங்கேதான் டி.கே.டபிள்யூ கம்பெனி. அந்தக் காலத்தில் உலகத்திலேயே அதிக மோட்டார் சைக்கிள் தயாரித்த கம்பெனிகளில் ஒன்று. காடனின் அப்பா அந்தக் கம்பெனியின் சேல்ஸ் மேனேஜருக்கு டிரைவர். அதனால் பையன் சின்ன வயசிலிருந்தே பெட்ரோல் வாசனையோடு வளர்ந்தான். 1927-ல் நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக் திறந்தபோது, எட்டு வயசில் நேரில் போய்ப் பார்த்தவர். அதற்கப்புறம் வேறு எதில் ஆர்வம் வரும்? கெம்னிட்ஸ் நகரில் இன்ஜினியரிங் படித்தார்.

அடுத்த பகுதி கொஞ்சம் கசப்பானது. அதையும் சொல்லிடணும். 1940-ல் அவர் சேர்ந்தது ஹென்ஷல் விமானக் கம்பெனி. அங்கே ஹெர்பர்ட் வாக்னர் என்பவரின் தலைமையில் எச்.எஸ்.293 என்ற ரேடியோவால் இயக்கப்படும் ஏவுகணை உருவானது. கப்பல்களை மூழ்கடிக்க நாஜி ஜெர்மனி பயன்படுத்திய ஆயுதம் அது. காடன் அந்த வேலையில் இருந்தார். வி-1 பறக்கும் குண்டின் பல்ஸ்ஜெட்டைப் பார்த்துத்தான் அவருக்கு சைலன்சர் யோசனை வந்தது என்று ஒரு கதை பைக் பிரியர்களிடையே சுற்றுகிறது. கேட்க நல்லா இருக்கு. ஆனா அவர் வேலை பார்த்தது வி-1-ல் இல்லை. கதையைத் தள்ளி வச்சிடுவோம்.

போர் முடிந்தது. ஜெர்மனி துண்டானது. ட்ஷோபாவ் சோவியத் பக்கம் விழுந்தது. ஃபேக்டரியில் இருந்த மெஷின்களைப் போர் இழப்பீடு என்று சோவியத் யூனியன் கழற்றிக்கொண்டு போய்விட்டது. டி.கே.டபிள்யூவின் பழைய ஆட்கள் பலர் மேற்கே போய் அதே பெயரில் புது ஃபேக்டரி போட்டார்கள். காடன் சொந்த ஊருக்கே திரும்பினார். மரவேலைக் கடை வைத்து, குண்டு விழுந்து உடைந்த வீடுகளுக்குக் கூரைச் சட்டம் செய்து கொடுத்துப் பிழைத்தார். அந்த வேலைக்கு நடுவில், ஆர்.டி.125 என்ற சின்ன டி.கே.டபிள்யூ வண்டியை எடுத்து, ரேஸுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கட்டினார்.

இந்த ஆர்.டி.125 பற்றி ஒரு இடைச்செருகல். போருக்குப் பிறகு உலகமே காப்பியடித்த வண்டி இது. பிரிட்டனின் பி.எஸ்.ஏ பாண்டம், அமெரிக்காவின் ஹார்லி 125, ரஷ்யாவின் மாஸ்க்வா எல்லாமே இதன் நகல்கள். 1955-ல் யமஹா கம்பெனி வெளியிட்ட முதல் மோட்டார் சைக்கிள் ஒய்.ஏ.1-ம் இதே ஆர்.டி.125-ஐப் பார்த்துச் செய்ததுதான். அப்போ ஆர்.எக்ஸ்.100-க்குக் கொள்ளுத்தாத்தா யாருன்னு பார்த்தா, ட்ஷோபாவில் பிறந்த வண்டி.

காடன் கட்டிய வண்டி நன்றாக ஓடியது. செய்தி பரவியது. 1953-ல் அரசு நடத்திய அதே ட்ஷோபாவ் ஃபேக்டரி அவரைக் கூப்பிட்டு ரேஸிங் பிரிவைக் கையில் கொடுத்தது. சில வருஷத்தில் அந்த ஃபேக்டரிக்கு எம்.இசட் என்று பெயர் மாறியது. சின்ன டீம், சின்ன பட்ஜெட். இத்தாலியிலும் பிறகு ஜப்பானிலும் இருந்த எதிரிகளிடம் நான்கு வால்வு, இரட்டை கேம்ஷாஃப்ட் என்று கடிகாரம் மாதிரி நுணுக்கமான ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின்கள். இவரிடம் இருந்தது ஒரு பிஸ்டன், ஒரு கனெக்டிங் ராடு, ஒரு கிராங்க். டூ-ஸ்ட்ரோக் என்றால் புகை விடும் மலிவு வண்டி என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள். ரேஸ் ஜெயிக்கிற சாமான் என்று யாரும் மதிக்கவில்லை.

மெக்கானிக்கல் பசங்க இந்தப் பத்தியைத் தாண்டிடலாம். சி.எஸ்.இ, இ.சி.இ நண்பர்களுக்காக: டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள், அதாவது போர்ட்டுகள் இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே அவற்றைத் திறந்து மூடும். பெட்ரோலும் காற்றும் கலந்த புதுக் கலவை முதலில் கீழே கிராங்க்கேஸுக்குள் வந்து, பிறகு டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக மேலே ஏறும். அந்த நேரத்தில் எக்ஸாஸ்ட் போர்ட்டும் திறந்தேதான் இருக்கும். புதுக் கலவை உள்ளே வந்து பழைய புகையை வெளியே தள்ளணும். ஆனா தானே அது கூடவே வெளியே ஓடிவிடக் கூடாது. ஒரே ரூமில் பழைய பேட்ச் வெளியேற, புது பேட்ச் உள்ளே வர, கதவைச் சாத்த ஆள் இல்லை. அதுதான் டூ-ஸ்ட்ரோக்கின் தீராத தலைவலி.

கதவைச் சாத்த காடன் ஒலியைப் பயன்படுத்தினார்.

எக்ஸாஸ்ட் போர்ட் திறந்தவுடன் அழுத்தமான ஒரு அலை பைப்பில் பாய்கிறது. குழாய் விரிகிற இடத்தில் அந்த அலை எதிரொலித்து, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். அது சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுக்கும், கூடவே கீழே இருக்கும் புதுக் கலவையையும் மேலே இழுக்கும். கொஞ்சம் கலவை பைப்புக்குள்ளேயே வந்துவிடும். பரவாயில்லை. மிச்ச அலை போய்ப் பின்பக்கம் சுருங்கும் கூம்பில் மோதி, இந்த முறை தள்ளும் அலையாகத் திரும்புகிறது. போர்ட் மூடுவதற்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தால், தப்பி ஓடிய கலவையை அப்படியே சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளிவிடும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல் ஒரு சூப்பர்சார்ஜர்.

எவ்வளவு நீளம் வேணும்? ஒரு நாப்கின்ல போடுற கணக்குதான். இன்ஜின் 10,800 ஆர்.பி.எம்-ல் சுற்றினால் நொடிக்கு 180 சுற்று. ஒரு சுற்றுக்கு 5.56 மில்லிசெகண்ட். எக்ஸாஸ்ட் போர்ட் சுமார் 190 டிகிரி திறந்திருக்குன்னு வச்சுக்கோங்க. அப்போ 2.9 மில்லிசெகண்ட். சூடான புகையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் போகும். அந்த நேரத்தில் அலை கடக்கும் தூரம் 1.47 மீட்டர். போய்த் திரும்பணும், அதனால் பாதி. சுமார் 73 சென்டிமீட்டர் தள்ளி அந்தச் சுருங்கும் கூம்பு இருக்கணும். இதே பைப்பை 5,400 ஆர்.பி.எம்-ல் ஓட்டினால் போர்ட் 5.9 மில்லிசெகண்ட் திறந்திருக்கும். அலையோ பழையபடி 2.9-லேயே வந்துவிடும். அது வந்து தள்ளிவிட்டுப் போன பிறகும் கதவு திறந்தே கிடக்கும். வண்டி இருமும், இழுக்காது. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் ஒரு ஆர்.பி.எம் வரைக்கும் தூங்கி வழிஞ்சு, திடீர்னு பேய் புடிச்ச மாதிரி கிளம்புறதுக்குக் காரணம் இதுதான். அலை சரியான நேரத்துக்கு வர ஆரம்பிச்சிருக்கும்.

எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்ற இந்தப் பைப்பைக் கண்டுபிடித்தவர் காடன் இல்லை. மேற்கு ஜெர்மனியின் டி.கே.டபிள்யூவில் எரிச் வொல்ஃப் என்ற இன்ஜினியர் 1951 வாக்கிலேயே ரேஸ் வண்டியில் மாட்டிவிட்டார். காடன் செய்தது, அதை அளந்தது. பைப்புக்குள் அலை எப்படிப் போய் எப்படித் திரும்புகிறது என்பதை ஆசிலாஸ்கோப்பில் பார்த்தார். எலக்ட்ரானிக்ஸ் லேப்ல சைன் வேவ் பார்த்துட்டு மூடி வச்சிட்டு வர்றோமே, அதே கருவி. கூம்பின் கோணத்தை மாற்றி, நீளத்தை மாற்றி, மறுபடியும் பார்த்து, மறுபடியும் வெல்டிங் வைத்து... இப்படி வருஷக்கணக்கில்.

இன்னொரு பக்கம், கலவை உள்ளே வரும் வழி. சாதாரண இன்ஜினில் பிஸ்டனின் அடிப்பகுதிதான் இன்டேக் போர்ட்டைத் திறந்து மூடும். பிஸ்டன் மேலே போகும்போது எந்த இடத்தில் திறக்குமோ, இறங்கும்போது அதே இடத்தில்தான் மூடும். சீக்கிரம் திறக்க வைத்தால் தாமதமாக மூடும், உள்ளே வந்த கலவை கார்புரேட்டர் வழியாகவே திருப்பித் துப்பும். டேனியல் சிம்மர்மான் என்ற ஒரு தனி ஆள், தன் சொந்த ரேஸ் இன்ஜினில் இதற்கு ஒரு வழி செய்திருந்தார். கிராங்க்ஷாஃப்ட் முனையில் ஒரு மெல்லிய எஃகுத் தட்டு, அதன் விளிம்பில் ஒரு வெட்டு. தட்டு சுற்றும்போது வெட்டு வந்தால் வழி திறக்கும், போனால் மூடும். எப்போது திறக்கணும், எப்போது மூடணும் என்பதைத் தனித்தனியாக முடிவு பண்ணிக்கலாம். காடன் அந்த ரோட்டரி டிஸ்க் வால்வின் மதிப்பைப் பார்த்தவுடனே புரிந்துகொண்டு, எம்.இசட் இன்ஜினுக்குக் கொண்டுவந்தார்.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பவர் ஏற ஏற பிஸ்டன் தலை சூடாகும், கனெக்டிங் ராடின் மேல்முனை பேரிங் காய்ந்து போகும், வண்டி சீஸ் ஆகும். டூ-ஸ்ட்ரோக் ஓட்டினவங்களுக்குத் தெரியும், ஓடிக்கிட்டு இருக்கும்போதே பின்சக்கரம் லாக் ஆகுற அந்த நொடி. காடன் பார்த்தது: பிஸ்டனின் அடியில், தலைக்குக் கீழே, கொஞ்சம் புதுக் கலவை சும்மா மாட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கலவையில் பெட்ரோலும் இருக்கு, ஆயிலும் இருக்கு. அதனால் பிஸ்டன் சுவரில் ஒரு ஜன்னல் வெட்டினார். அதற்கு எதிரே சிலிண்டரில், எக்ஸாஸ்ட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம், மூன்றாவதாக ஒரு டிரான்ஸ்ஃபர் போர்ட். இப்போது நின்றுகொண்டிருந்த கலவை ஓடத் தொடங்கியது. போகிற போக்கில் பிஸ்டனைக் குளிர வைத்தது, பேரிங்குக்கு ஆயில் கொடுத்தது, மேலே போய்க் கூடுதல் பவராகவும் ஆனது. கூலிங், லூப்ரிகேஷன், பவர் மூன்றும் ஒரே ஓட்டையில். புதுப் பாகம் எதுவும் சேர்க்கவில்லை. கொஞ்சம் உலோகத்தை எடுத்ததோடு சரி.

இந்த மூன்றும் தனித்தனி ஐட்டங்கள் இல்லை, அதைக் கவனிங்க. நல்ல பைப் போட்டால் அது அதிகக் கலவையை இழுக்கும். இன்டேக் அதைக் கொடுக்க முடியணும். கொடுத்தால் சூடு ஏறும். பிஸ்டன் அதைத் தாங்கணும். கலவை அளவு மாறினால் ஜெட் மாத்தணும், இக்னிஷன் டைமிங் பார்க்கணும். ஆர்.எக்ஸ்-ல அரம் வச்சு போர்ட்டை ராவிட்டு, ஜெட்டைத் தொடாம விட்டு, மறுநாள் ஹைவேயில் சீஸ் பண்ணிட்டு, வண்டி ராசியில்லைன்னு சொல்றவங்க இருக்காங்க. வண்டிக்கு ராசி கிடையாது. காற்று கூடியிருக்கு, பெட்ரோல் கூடலை, பிஸ்டன் வெந்துடுச்சு, அவ்வளவுதான்.

பலன் மெதுவாகத்தான் வந்தது. 1958-ல் ஸ்வீடன் கிராண்ட் ப்ரீயில் ஹோர்ஸ்ட் ஃபூக்னர் 250 சிசி எம்.இசட்டை ஓட்டி ஜெயித்தார். 1961 வந்தபோது 125 சிசி இன்ஜின் 10,800 ஆர்.பி.எம்-ல் 25 குதிரை சக்தி கொடுத்தது. லிட்டருக்கு 200. டர்போ, சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லாத ஒரு இன்ஜின் அந்த எல்லையைத் தொட்டது உலகத்தில் அதுதான் முதல் தடவை. ஒப்பிட்டுப் பார்க்கணும்னா, ஆர்.எக்ஸ்.100 98 சிசிக்கு 11, லிட்டருக்கு 112. நம்ம காலத்து 373 சிசி டியூக் 390 சுமார் 43, லிட்டருக்கு 115 பக்கம். ரேஸ் இன்ஜினையும் ரோட்டு இன்ஜினையும் ஒப்பிடுவது நியாயமில்லைதான். இருந்தாலும் வருஷத்தைப் பாருங்க.

அந்த 1961-ல்தான் எல்லாம் சரியாக அமைந்தது. பிறகு ஒரே நாளில் உடைந்தது.

எம்.இசட்டின் முதன்மை ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர். வெறும் ரைடர் இல்லை, இன்ஜினியரும்கூட. இன்ஜினின் உள்விஷயம் முழுக்கத் தெரிந்தவர். அந்த வருஷம் மேற்கு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனி, இத்தாலி என்று ஜெயித்து, 125 சிசி உலக சாம்பியன்ஷிப்பில் ஹோண்டாவின் டாம் ஃபிலிஸை முந்திக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 13 அன்று பெர்லினில் சுவர் எழும்பத் தொடங்கியது. செப்டம்பர் 17 அன்று ஸ்வீடனில் கிறிஸ்டியான்ஸ்டாட் ரேஸ். அங்கே நல்ல இடம் பிடித்திருந்தால் பட்டம் கைக்கு வந்திருக்கும். ஆரம்பச் சுற்றுகளிலேயே டெக்னரின் இன்ஜின் நின்றுபோனது. அன்றைக்கே டெக்னரும் காணாமல் போனார். அவருடைய மனைவியையும் குழந்தைகளையும் காரின் டிக்கியில் மறைத்து எல்லை தாண்ட வைத்திருந்தார்கள். அவர் டென்மார்க் வழியாக மேற்கு ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். பட்டம் ஃபிலிஸுக்குப் போனது.

அங்கிருந்து டெக்னர் போனது ஜப்பான், ஹமாமட்சு, சுஸூகி. 1960-ல் முதல் முறையாக ஐல் ஆஃப் மேன் ரேஸுக்கு வந்து, யாரும் திரும்பிப் பார்க்காத இடங்களில் முடித்த கம்பெனி அது. டெக்னர் தன் மூளையில் இருந்ததோடு பாகங்களையும் வரைபடங்களையும் எடுத்துப் போனதாகச் சொல்வார்கள். 1962-ல் புதிதாகத் தொடங்கிய 50 சிசி உலக சாம்பியன்ஷிப்பை சுஸூகி வென்றது. ஓட்டியவர் டெக்னர். டூ-ஸ்ட்ரோக் வண்டி வாங்கிய முதல் உலகப் பட்டம் அது. எட்டு வருஷம் உழைத்தவரின் ஃபேக்டரிக்குக் கிடைக்காதது, சில மாதத்தில் வேறு கம்பெனிக்குக் கிடைத்தது.

டெக்னரைத் திட்டுவது சுலபம். நான் திட்ட மாட்டேன். சுவர் கட்டிக்கொண்டிருந்த நாட்டில், குடும்பத்தை வெளியே கொண்டுபோக அவரிடம் விற்க இருந்தது அது ஒன்றுதான். ஆனால் அந்த ரகசியம் அவருடையது மட்டும் இல்லை என்பதும் உண்மை. ரெண்டையும் சேர்த்துத்தான் யோசிக்கணும். வருங்காலத்துல கம்பெனி மாறும்போது நாமும் ஒரு பென்டிரைவைக் கையில் வச்சுக்கிட்டு யோசிக்கப் போறவங்கதானே.

காடன் போகவில்லை. ட்ஷோபாவிலேயே இருந்தார். 1963-ல் சாக்ஸென்ரிங்கில், சொந்த மண்ணில், மைக் ஹெயில்வுட் அவருடைய 250-ஐ ஓட்டி ஜெயித்தார். ஜப்பான்காரர்கள் அதற்குள் அவருடைய வழியிலேயே பெரிய பணத்தோடு வந்துவிட்டார்கள். இரண்டு சிலிண்டர், நான்கு சிலிண்டர், பத்துக்கும் மேற்பட்ட கியர். எம்.இசட் பின்தங்கியது. ஆனாலும் 1955-லிருந்து 1976 வரை மொத்தம் 13 கிராண்ட் ப்ரீ வெற்றிகள், நூற்றுக்கும் மேற்பட்ட மேடை இடங்கள் அந்தச் சின்ன டீமுக்குக் கிடைத்தன.

1975-ல் ஜியாகோமோ அகோஸ்டினி யமஹாவில் 500 சிசி பட்டத்தை வென்றார். பெரிய வகுப்பில் டூ-ஸ்ட்ரோக்குக்கு அதுதான் முதல் பட்டம். அதன்பின் 2001 வரை, அந்த வகுப்பு இருந்த கடைசி வருஷம் வரை, வேறு எதுவும் அங்கே பட்டம் வாங்கவில்லை. அந்த வண்டிகள் ஒவ்வொன்றிலும் எக்ஸ்பான்ஷன் சேம்பரும் எக்ஸாஸ்ட்டுக்கு எதிரே கூடுதல் போர்ட்டும் இருந்தன. 1985-ல் நம்ம ஊருக்கு வந்த ஆர்.எக்ஸ்.100-ன் பைப்பும் அந்த வழி வந்ததுதான்.

டெக்னர் 1983-ல் டெனெரிஃப் தீவில் இறந்தார். ஜப்பானின் சுஸூகா டிராக்கில் ஒரு வளைவுக்கு அவர் பெயர் இருக்கிறது. ஃபார்முலா ஒன் பார்க்கிறவங்க டெக்னர் கர்வ்னு கேட்டிருப்பீங்க. காடன் 1996 மார்ச்சில், 76 வயதில் காலமானார். நம்ம ஊரில் ஆர்.எக்ஸ்.100 உற்பத்தி நின்றதும் அதே வருஷம். உலக சாம்பியன் ரைடர்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தால் ஹோண்டா, சுஸூகி, யமஹா என்று பக்கம் பக்கமாகப் போகும். எம்.இசட் என்ற பெயர் அதில் ஒரு வரியில்கூட இல்லை.